மூடி போடாத தேன் கேன்

நாரணாபுரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்னறையில் கால் வைத்தாலே புளித்த தேன் வாசம் மூக்கில் ஏறும்...

கல்யாணமான புதிது. எனக்கு சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை. என் வீட்டுக்காரருக்குப் பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கும் அறையில். கூட வேலை பார்த்த கருப்பசாமி அண்ணன் மலைத்தேன் வாங்கிவர, இரண்டு பேரும் யூடியூப் பார்த்து தேன் ஒயின் போட ஆரம்பித்தார்கள். சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று தெருவில் பேசிவிடுவார்களே என்று எனக்கு ஒரே பயம்.

முதல் தடவை இவருக்குப் பொறுமையில்லை. நுரை அடங்குவதற்குள் பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடிவிட்டார். ஒரு மத்தியானம் ஒரு பாட்டில் வெடித்தது. அவ்வளவுதான்... தெருவே வெறுங்காலோடு வெளியே வந்து, புகை எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று வானத்தைப் பார்த்தது. எங்கள் பக்கம் சத்தம் கேட்டால் அதுதான் முதல் வேலை. வெடித்தது என் வீட்டுப் பாட்டில் என்று சொல்லாமல் நானும் அவர்களோடு வானத்தைப் பார்த்தேன்.

அடுத்த தடவை அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார், மூடி போடாமல் துணி மட்டும் கட்டி மாசக்கணக்கில் தண்ணீர்க் கேனிலேயே கிடக்கட்டும் என்று. அவ்வப்போது மேலே தெளிந்ததை மட்டும் ரப்பர் குழாயில் வேறு கேனுக்கு இறக்கி, அடியில் தங்கிய மண்டியைக் கொட்ட வேண்டும். லீவு நாளில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, மூச்சுகூடச் சத்தமாக விடாமல் இறக்குவார்கள். மருந்தறைப் பழக்கம். பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும்.

தீபாவளி முடிந்து லீவு விட்டதும் திறப்பதாக ஏற்பாடு.

சீசன் மும்முரத்தில் ஒரு நாள், காய்ச்சலோடு நான் வீட்டில் இருந்தேன். டம்மென்று ஒரு சத்தம். பழைய பாட்டில்கள் நாலைந்து பின்னறையில் சாக்கில் சுற்றிக் கிடந்தன. "இந்த மனுசனுக்கு எம்புட்டுச் சொன்னாலும் புத்தி வராது" என்று திட்டிக்கொண்டே ஈரத்துணியோடு துடைக்கப் போனேன்.

சாக்கை விலக்கினேன். ஒரு பாட்டில்கூட உடையவில்லை.

கேனைப் பார்த்தேன். காலையில் தெளிந்து நின்ற ஒயினுக்குள் அடி மண்டி மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை... புகை மாதிரி, சுருண்டு சுருண்டு மேலே வந்தது. வெளியே தெருவில் பேச்சுமூச்சு இல்லை. எல்லோரும் அண்ணாந்து நிற்கிறார்கள் என்று பார்க்காமலே புரிந்தது.

இவருக்குப் போன் போட்டேன். கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். தெரிந்தும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

பொழுது சாயும் நேரம் நடந்தே வந்து சேர்ந்தார். மருந்து வெடித்த நேரம் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தாராம். அறைக்குள் அண்ணன் மட்டும் இருந்திருக்கிறார்.

இப்போது மதுரையில் இருக்கிறோம். இவருக்கு ஜவுளிக்கடையில் வேலை. அந்தக் கேனும் கூடவே வந்துவிட்டது. அன்றைக்கு நாலு நாள் பொறுக்காமல் அடைத்த மனுஷன், இன்றைக்கு பாட்டிலில் ஊற்றுவோமா என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம் தெளியட்டும்" என்கிறார். தெளிய அதில் இனி என்ன இருக்கிறது? அடியில் ஒரு துளி மண்டி இல்லை. ஆனாலும் லீவு நாளில் குழாயை எடுத்துவிடுவார். இன்னொரு முனையைப் பிடிக்க நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒயின் இறங்கிக்கொண்டிருந்தபோது, கேனிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார்.

"அசைக்காமப் பிடிங்கண்ணே."

நான் திருத்தவில்லை... அசைக்காமல் பிடித்துக்கொண்டேன்.