குச்சி ரேடியோவும் திண்டிவனத்து மைக் கடையும்

கார்ட்லெஸ் மைக் ரிப்பேர் பார்க்கிறவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு: பழுது காற்றில் இருக்கும், திட்டு மட்டும் கடையில் வந்து விழும்.

திண்டிவனத்தில் மைக், ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். காற்றில் போகும் அலையைத் திரையில் காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. அதை வாங்க நான் கடையையே விற்க வேண்டும். வீட்டுக்கு வீடு டிஜிட்டல் டிவி பாக்ஸ் வந்துகொண்டிருந்த நாட்களில், கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்காகச் செய்த பென்டிரைவ் மாதிரி ஒரு சின்னக் குச்சியை ரேடியோவாக மாற்றலாம் என்று இணையத்தில் படித்தேன். ரேடியோப் பெட்டி செய்கிற வேலையில் பாதியை மென்பொருள் செய்துவிடும். மென்பொருளும் இலவசம், யாரும் திறந்து பார்த்துத் திருத்தலாம். இலவச மென்பொருளை நிறுவிப் பார்த்தவராக நீங்கள் இருந்தால், நான் மேலே சொல்லாமலே தலையில் கை வைத்துக்கொள்வீர்கள்.

ஐந்து நாள் பிடிவாதம்

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பில் குச்சியைச் செருகினேன். கருவி வேறு வேலையில் இருக்கிறது என்று செய்தி வந்தது. மேசைமேல் சும்மா கிடக்கிற குச்சிக்கு அப்படி என்ன வேலை? க்னூ ரேடியோ என்ற அந்த இலவச மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். வேறு ஓட்டையில் செருகினேன். அதே செய்தி. ஐந்தாம் நாள் ஒரு இணைய மன்றத்தில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அழாத குறையாக எழுதிப் போட்டேன். முகம் தெரியாத யாரோ ஒருவர் இரண்டே வரியில் பதில் சொன்னார்: லினக்ஸ் அதை இன்னும் டிவி என்றே நினைத்துப் பிடித்து வைத்திருக்கிறது, அந்த டிவி டிரைவர் நிரலைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டு, குச்சியைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள்.

அவ்வளவுதான். நீலத் திரையில் மஞ்சள் கோடுகள் மேலிருந்து கீழே வழிய ஆரம்பித்தன. ஒவ்வொரு கோடும் ஒரு அலை. இந்தப் படத்துக்கு அருவி என்றே பெயர். ஒரு கோட்டின் மேல் மவுஸை வைத்து அழுத்தியதும் புதுச்சேரி எஃப்.எம்.மில் பாட்டு கேட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து செல்போன் கடை சாதிக் பாய் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து பார்த்தார். "அஞ்சு நாளா இவ்ளோ பேஜாரு பட்டுக்கினு கடசில பாட்டுதானா? கேட்டிருந்தா என் போன்லயே ஜல்தியா போட்டிருப்பேனேம்மா!"

நல்ல மைக்கைக் கெடுத்தேன்

விழுப்புரத்தில் மைக்செட் வைத்திருக்கும் செல்வம், ஒரு கல்யாணத்துக்கு முன்னால் எதற்கும் பார்த்துக் கொடுங்கள் என்று ஒரு மைக்கைக் கொடுத்தார். அருவியில் பார்த்தால், அதன் கோடு இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றது. கண்டுபிடித்துவிட்ட பெருமையில் மைக்கைத் திறந்து, காயிலைத் திருகி, கோட்டைச் சரியான இடத்துக்கு நகர்த்திக் கொடுத்தேன். மண்டபத்தில் அது கரகரவென்று இரைந்ததாம். தாலி கட்டுகிற நேரத்தில் ஐயர் மந்திரம் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்ப வந்தவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அன்று முழுக்கத் தேடிப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இந்தக் குச்சிக்குள் இருக்கும் மலிவான படிகம் (கிரிஸ்டல்) அலையைக் கொஞ்சம் தப்பாகத்தான் எண்ணும், சூடேறினால் இன்னும் தப்பும். அலைவரிசை எண் தெரிந்த ஒரு எஃப்.எம். நிலையத்தை முதலில் பிடித்து, எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று பார்த்து, அந்த வித்தியாசத்தை மென்பொருளில் எழுத வேண்டும். மைக்கைப் பழையபடி திருகிக் கொடுத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். செல்வம் கோபப்படவில்லை. மைக்கைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார்: "மைக்க நீங்க பாத்துக்குவீங்க. அந்தக் குச்சிய யாரு ரிப்பேர் பண்றதுக்கா?"

திரை முழுக்கச் சுண்ணாம்பு

ஒரு வாரம் அருவி முழுவதும் வெளுத்துப் போய், ஒரு கோடும் தெரியவில்லை. மென்பொருளைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரு மத்தியானம் சாதிக் பாய் சாப்பிடப் போகும்போது தன் கடை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார். திரை பளிச்சென்று தெளிந்தது. அவர் புதிதாக வாங்கி மாட்டியிருந்த மலிவு சார்ஜர்தான் அத்தனை இரைச்சலையும் கக்கியிருக்கிறது. காட்டியதும் அவர் திகைத்துப் போனார். "ஒரு சார்ஜருக்கே இப்படின்னா, நான் இன்னும் ஒரு டஜன் ஆர்டர் போட்டிருக்கேனேம்மா!"

தேரும் தீமிதியும்

விழுப்புரம் போகும் வழியில் ஒரு ஊர். அங்கே மாதா கோயில் தேரும் திரௌபதி அம்மன் தீமிதியும் ஒரே வாரத்தில் வந்தன. தீமிதிக்குக் காப்புக் கட்டின அறிவிப்பு மாதா கோயில் ஸ்பீக்கரில் கேட்டது. ஃபாதர் பிரசங்கம் அம்மன் கோயில் ஸ்பீக்கரில் கேட்டது. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் பேச்சு கிளம்பிவிட்டது. இளவட்டங்கள் தெருமுனையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். மாதா கோயில் உபதேசியார் பைக்கில் வந்து, "இன்னிக்கே வரணும் சிஸ்டர், நாளைக்கின்னா கைகலப்பு ஆயிடும்" என்றார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நான் சர்ச்சுக்குப் போகிறவள், அம்மன் கோயில்காரர்கள் என் பேச்சை நம்ப வேண்டுமே.

அதனால் லேப்டாப்பை மாதா கோயிலில் வைக்காமல், நடுவில் இருந்த பள்ளிக்கூட வராந்தாவில் வைத்தேன். இரண்டு தரப்பையும் மைக்கோடு வரச் சொன்னேன். உபதேசியார் மைக்கைப் போட்டார். ஒரு கோடு விழுந்தது. அணைத்தார், நின்றது. பிறகு அம்மன் கோயில் தர்மகர்த்தா தன் மைக்கைப் போட்டார். அதே இடத்தில், மயிரிழை தள்ளாமல், அதே கோடு. மைக்கைத் திருப்பிப் பார்த்தால் இரண்டும் ஒரே மாடல். ஒரே கடையில் வாங்கியதாம். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வேறு அலையில் பேசும் மைக் ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதை அம்மன் கோயிலுக்குக் கொடுத்து இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். அருவியில் இரண்டு கோடுகள் தனித்தனியே இறங்கின. தர்மகர்த்தா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உபதேசியாரைத் தனியே கூப்பிட்டார். "நேத்து ஃபாதரு ஒரு லாரிக்காரன் கத சொல்லிக்கினு இருந்தாரு, பாதியில நாங்க ஆப் பண்ணிட்டோம். அவன் ஊடு போய்ச் சேந்தானா இல்லையா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

நாலு மணி நேரம்

பொம்மையார்பாளையத்திலிருந்து அந்தோணி என்ற மீனவர் தன் படகு வயர்லெஸ் செட்டோடு வந்தார். நடுக்கடலில் இன்ஜின் நின்று, கூட இருந்த மூன்று பேரோடு மிதந்திருக்கிறார். செட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை. தற்செயலாக அந்தப் பக்கம் வந்த இன்னொரு படகுதான் கட்டி இழுத்து வந்தது. செட்டில் விளக்கு எரிகிறது, மற்றவர்கள் பேசுவதும் கேட்கிறது. அதனால் செட் நன்றாகத்தான் இருக்கிறது என்று பார்த்தவர்களெல்லாம் சொல்லியிருக்கிறார்கள்.

அலை வெளியே பரவாதபடி ஏரியலுக்குப் பதில் ஒரு டம்மியை மாட்டிவிட்டு, பட்டனை அழுத்திப் பேசச் சொன்னேன். அருவியில் கோடு விழுந்தது. ஆனால் அவர் எவ்வளவு கத்தினாலும் அது நூல் மாதிரியே நின்றது. குரல் ஏறினால் கோடு அகலமாகி நடுங்க வேண்டும். அப்படியென்றால் செட் அலையை அனுப்புகிறது, குரல்தான் அதில் ஏறவில்லை. மைக்கின் சுருள் வயரைப் பிரித்தேன். உள்ளே உப்பு அரித்து, கம்பி பச்சை பூத்து அறுந்திருந்தது. புது வயர் போட்டுக் கொடுத்ததும் அவர் மெதுவாக, "கேக்குதா?" என்றார். கோடு விரிந்து சிலிர்த்தது. "அன்னிக்கி நாலு மணி நேரம் கத்தினேன்மா. ஒரு சொல்லும் வெளிய போவலன்னு இப்பத்தான் தெரியுது. இன்னொரு வாட்டி பேசிப் பாக்கட்டுமா?"

மோட்டார் போட்டது யார்

திருவாமாத்தூர்ப் பக்கத்து விவசாயி கோவிந்தசாமிக்கு ரிமோட்டில் ஓடும் மோட்டார். அது மூன்று மாதமாக அவ்வப்போது தானாக ஓடிக்கொண்டிருந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற பருவத்தில் தண்ணீர் பாய்ந்தால் கொட்டை நிலத்திலேயே முளைத்துவிடும். அவர் தம்பி ஏழுமலை பக்கத்து நிலத்துக்காரர். கிணற்றுப் பங்கில் ஏற்கெனவே மனஸ்தாபம். தம்பிதான் இன்னொரு ரிமோட் வைத்துக்கொண்டு அழுத்துகிறான் என்பது அண்ணனின் தீர்மானம். "நீங்க புடிச்சிக் குடுங்க, பஞ்சாயத்துல வெச்சிடறேன்" என்றார். அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை; ஆனால் கொட்டை வீணாகிறதே என்று போனேன்.

மோட்டார் கொட்டகையில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து மங்கலாக ஒரு கோடு வெட்டியது, மோட்டார் உறுமியது. ஏழுமலை நிலத்துப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அடுத்த முறை கோடு இன்னும் மங்கியது; அப்படியென்றால் ரிமோட் அந்தப் பக்கம் இல்லை. கடைசியாகக் கோவிந்தசாமியின் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்தேன். அவர் மனைவி மாட்டுக்குத் தவிடு எடுக்க உள்ளறைக் கதவைத் திறந்தார். திரையே வெளுக்கிற மாதிரி கோடு பளீரென்றது. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு உபரி ரிமோட் தொங்கியது. கதவை முழுக்கத் திறக்கும்போதெல்லாம் அதன் பட்டன் சுவரில் அழுந்தியிருக்கிறது.

கோவிந்தசாமி கதவை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தார். மூன்று முறையும் கோடு வந்தது. ரிமோட்டைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு, வரப்பில் இறங்கி நேராகத் தம்பி நிலத்துக்கு நடந்தார். வாசலிலிருந்தே எனக்கு அவர் குரல் கேட்டது: "ஏழுமல, மூணு மாசமா உன்னாண்ட நான் பேசாததுக்கு எங்க ஊட்டுக் கதவுதான்டா காரணம். வா, வந்து மல்லாட்ட புடுங்கு."

இத்தனை வருடத்தில் அலைகளை ஓரளவு படிக்கக் கற்றுக்கொண்டேன் என்றாலும், மென்பொருளில் புதுப் பதிப்பு வந்த மறுநாள் எதுவுமே ஓடாதபோது, உங்களைப் போலவே நானும் முதலில் செய்வது லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடி போடுவதுதான்.