வால்வு வளையத்தில் ஒரு கீறல்

மாமா சத்தம் கேட்காமலிருக்கக் காதில் மாட்டியிருக்கும் மஞ்சள் மூடியைக் கழற்றினால்தான் வீட்டில் எனக்குப் பேச ஆள் உண்டு. அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்கு நான் எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். எல்லைப் பாலத்து நெரிசலில் கிடந்து அவர் வந்து சேரும்போது எனக்குக் கண் சொருகியிருக்கும். அப்பா லாரியோடு வடக்கே எங்கேயாவது இருப்பார். பகலில் தம்போயில் எங்கள் வீட்டில் இருந்தது அம்மாவின் தம்பியான மாமாவும், முன்வாசலில் அவருடைய மேசையும், அதன்மேல் ஏதாவது ஒரு சிலிண்டர் ஹெட்டும்தான்.

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் மேல்பகுதியான அந்த ஹெட்டில் காற்று நுழையும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் கடைந்து, மேடு பள்ளம் நீக்கி, வண்டியை இன்னும் வேகமாக ஓட வைப்பது மாமாவின் வேலை. புகை வழியில் முகம் பார்த்துத் தலை வாரலாம். காற்று வழியை மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் சொரசொரப்பாக விடுவார். பெட்ரோல் சுவரில் ஒட்டாமல் காற்றோடு கலக்க வேண்டுமாம். கிரைண்டர் கக்கும் அலுமினியத் தூள் எல்லாம் அம்மாவின் கறிவேப்பிலைச் செடியில் போய் உட்காரும். “நாம குடிக்கிறது ரசமா, எஞ்சின் ஆயிலா?” என்று அம்மா கேட்பார். மாமா சிரித்துவிட்டு மூடியை மாட்டிக்கொள்வார்.

நான் பள்ளிவிட்டு வந்து கேட்டைத் திறந்ததும் கிரைண்டர் நிற்கும். காதுமூடி ஆணியில் ஏறும். இரண்டு தட்டு வைத்து, “இன்னைக்கு யாருகூட சண்டை, பாப்பா?” என்று தொடங்குவார். அந்த அரைமணி நேரம் ஊர்ப்பட்ட கதையெல்லாம் சொல்வேன். பிறகு மூடி மறுபடி காதுக்குப் போகும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மறுநாளுக்காகக் காத்திருப்பேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை; என் நாள் என்பது அந்த அரைமணி நேரம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “சிங்கப்பூர் பட்டறைக்காரர் தம்பிகிட்ட ஒரு ஹெட்ட குடுத்துப் பாத்திருக்காரு. சனிக்கிழமை வந்து பாப்பாராம். புடிச்சிருந்தா வேலை. அங்கேயே ரூம் குடுக்குறாங்களாம்.” அம்மாவின் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. எனக்கு அந்த ‘ரூம்’ மட்டும்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் மாமா கேஸ்கட் வாங்கப் போனார். அந்தப் பட்டறைக்காரரின் ஹெட் மேசையில் தனியாக இருந்தது. வால்வு வந்து உட்காரும் வளையத்தை எனக்குத் தெரியும். “இங்க மட்டும் கைய வைக்காத. ஒரு கீறல் போதும், காத்து ஒழுகிரும்” என்று அவரே சொல்லியிருந்தார். கணிதப் பெட்டியிலிருந்து காம்பஸை எடுத்து, அங்கேயே அழுத்தி இழுத்தேன். நினைத்ததைவிடக் கடினமான வளையம். முள்தான் வளைந்ததே தவிர, விழுந்தது மெல்லிய கோடு. அதற்குள் மாமாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கவே, காம்பஸையும் பெட்டியையும் மேசையிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா வால்வை மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, குழியில் மண்ணெண்ணெய் ஊற்றினார். ஒழுகாமல் நின்றால் வேலை சுத்தம் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் காற்று வழியில் ஈரம் கசிந்தது. வால்வைக் கழற்றி, சுண்டுவிரலால் வளையத்தைச் சுற்றித் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“கை வழுக்கிருச்சுக்கா. அவர வர வேணாம்னு சொல்லிட்டேன்” என்றார் அன்றிரவு அம்மாவிடம்.

“உனக்கு எதுலதான்டா பொறுப்பு இருக்கு?” என்று தொடங்கிய அம்மா ஒரு வாரம் ஓயவில்லை. திங்களன்று வகுப்பில், எப்படியோ என் பைக்குள் வந்திருந்த பெட்டியைத் திறந்தேன். காம்பஸ் முள் நேராக, கூராக இருந்தது. சாமிதான் என்னைக் காப்பாற்றினார் என்று நம்பி, அன்று மாலையே பிள்ளையாருக்குப் பத்துத் தோப்புக்கரணம் போட்டேன்.

சாமி காப்பாற்றினாலும் மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாளும் கேட்டைத் திறந்தேன், கிரைண்டர் நின்றது, இரண்டு தட்டு இருந்தது. “பசிக்கல மாமா” என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்கடுத்த நாள் தலைவலி, பிறகு வீட்டுப்பாடம். கொஞ்ச நேரம் வெளியே சத்தமே இருக்காது. அப்புறம் கிரைண்டர் ஓடும். எட்டு மாதம் இப்படியே போனது. பிறகு மாமா வேறொரு பட்டறையில் சேர்ந்து சிங்கப்பூருக்கே போய்விட்டார்.

சென்ற மாதம் என் மோட்டார் சைக்கிளை உலு திராமில் ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். அங்கிருந்தவர் ஒரு பச்சை டப்பாவிலிருந்து பசையை எடுத்து வால்வு வளையத்தில் தடவி, வால்வை அதில் வைத்து முன்னும் பின்னுமாகத் திருகினார். கீறல் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“இதையேதான் செய்வோம். சின்னக் கீறல்னா பத்து நிமிஷம் லா. அதுக்குப் போயி ஹெட்ட வீணாக்குவாங்களா?”

அவர் கையிலிருந்த அதே பச்சை டப்பா மாமாவின் மேசையிலும் இருந்தது, மண்ணெண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில், எப்போதும். கீறலைத் தடவிய கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. காம்பஸ் முள்ளை நிமிர்த்தியதும் சாமியில்லை, அந்தக் கைதான். மாமா எனக்காகத்தான் போகாமல் இருந்தார். அந்த எட்டு மாதமும் ஒவ்வொரு மதியமும் கிரைண்டரை நிறுத்தி, இரண்டு தட்டு வைத்து, என் கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே உட்கார்ந்து, எனக்குப் பேச ஆளில்லை என்று அழுதுகொண்டிருந்தேன்.