நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக் கிணற்றில், மோட்டார் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வை மாற்ற இறங்கினேன். பம்புசெட் மெக்கானிக்கான எனக்குப் பழகிய வேலை. தண்ணீர் மார்பைத் தொட்டதும் மூச்சு நின்றது. வாயைத் திறந்தேன், காற்று வரவில்லை. எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. மேலே வந்து உட்கார்ந்ததும் மூச்சு தானாகத் திரும்பியது. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

மூன்று வாரம் முன்பு கழுத்திலும் இரண்டு தோள்களிலும் தாங்க முடியாத வலி வந்து போயிருந்தது. சுளுக்கு என்று விட்டுவிட்டேன்.

அதன்பின் படுக்க முடியவில்லை. மல்லாந்தால் மறுபடி தண்ணீருக்குள் நிற்பதுபோல் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன். முதலில் பார்த்த மருத்துவர் இதயம் நன்றாக இருக்கிறது, மனப்பதற்றம்தான் என்று மாத்திரை கொடுத்தார். அதை நம்பவே விரும்பினேன்.

கவனித்தவள் என் மனைவி செல்வி.

"ஏங்க, மூச்சு இழுக்கையில ஒங்க வயிறு உள்ள போகுதுங்க. எனக்கு வெளியில்ல வருது?"

புதுக்கோட்டையில் நுரையீரல் மருத்துவரிடமும் அதையே சொன்னாள். அவர் என் விலாவுக்குக் கீழே ஸ்கேன் கருவியை வைத்து, "மூக்க வேகமா உறிஞ்சுங்க" என்றார். உறிஞ்சினேன். திரையைப் பார்த்தபடி இன்னும் இரண்டு முறை உறிஞ்சச் சொன்னார்.

கோளாறு உதரவிதானத்தில் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும், குடைபோல் வளைந்த தசை) என்றார். அது சுருங்கிக் கீழே இறங்கினால்தான் நுரையீரல் விரியும். அதை இயக்கும் இரண்டு நரம்புகளும் கழுத்திலிருந்து வருகின்றன. எனக்கு இரண்டுமே அழற்சியால் (புண்பட்டு வீங்குதல்) செயலிழந்திருந்தன. சுளுக்கு என்று நான் விட்டுவிட்ட வலி அதன் தொடக்கம்தான். படுத்தாலும் தண்ணீரில் இறங்கினாலும் வயிறு மேல்நோக்கி அழுத்தும். தடுக்க அந்தத் தசைக்குப் பலமில்லை.

"சரியாயிருமா டாக்டர்?"

"நரம்பு மெதுவாத்தான் வளரும். ரெண்டு வருசம்கூட ஆகலாம். வராமலும் போகலாம். ஒங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

செல்வி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

முகமூடி வழியே காற்றைத் தள்ளும் இயந்திரத்தோடு தூங்கப் பழகினேன். இன்வெர்ட்டர் வைத்தோம். அப்படியும் வானம் இருட்டினால், கரண்டு போய்விடுமோ என்று எழுந்துபோய் இன்வெர்ட்டரைப் பார்ப்பேன்.

படுக்கும்போது மூச்சு முட்டினால், அதை மனப்பதற்றம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உங்கள் வயிற்றைக் கவனிக்க யாரையாவது கூப்பிடுங்கள்.

பதினான்காம் மாத ஸ்கேனில் வலப்பக்கம் அசைந்தது. மருத்துவர் திரையைச் செல்வி பக்கம் திருப்பினார். "பாருங்க, கீழ இறங்குது." இடப்பக்கம் இன்னும் அசையவில்லை.

'அடுத்த வருசம்' என்று தொடங்கும் பேச்சுகளில் நான் கலந்துகொள்வதில்லை. காலையில் விழிப்பு வந்ததும் விலாவுக்குக் கீழே கையை வைக்கிறேன். வயிறு எழுந்து உள்ளங்கையைத் தள்ளும்வரை கண்ணைத் திறப்பதில்லை.