தாங்கலில் விட்ட தோல் பரிசல்

அண்ணனும் நானும் போதாதென்று எங்கள் அப்பாவுக்கு மூன்றாவதாக ஒரு செல்லப்பிள்ளை இருந்தது. மாதனூருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருந்த எங்கள் தாங்கல் என்கிற சின்ன ஏரிதான் அது. சர்க்கார் ஏரி இல்லை. கானாற்றுக்குக் குறுக்கே தாத்தா மண் கொட்டிக் கட்டிய எங்கள் சொந்தக் கரை. அப்பா தினமும் அதன் முகத்தில்தான் விழிப்பார். கையில் ஒரு தடியோடு கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து, நண்டு வளையோ எலி வளையோ கண்ணில் பட்டால் களிமண் திணித்து இடித்துவிட்டுத்தான் பல் விளக்குவார்.

அந்தக் கரைக்கு அவர் போட்டிருந்த சட்டங்கள் வெள்ளைக்காரன் சட்டத்தைவிட அதிகம். கரைமேல் ஆடு கட்டக்கூடாது. நண்டுக்காக வளையைத் தோண்டினால் முதுகுத் தோல் உரியும். கரைக்கு வெளிப்புறம் தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை, கரைக்கு வேர்க்கிறது என்று விட்டுவிடலாம். கலங்கிய தண்ணீர் வந்தால் கத்திக்கொண்டு ஓடி வரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், கோடியில் கை வைக்கக்கூடாது என்பது. தாங்கல் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியே போவதற்குக் கரையின் ஓரத்தில் தாழ்வாகக் கல் பாவி வைத்த வழியைத்தான் எங்கள் பக்கத்தில் கோடி என்போம். கோடி வழிந்த அன்று அம்மா மஞ்சளும் குங்குமமும் பூவும் போட்டுக் கும்பிட்டுப் பொங்கல் வைப்பாள். எங்களுக்கோ அவ்வளவு தண்ணீரும் வீணாகப் போகிறதே என்று வயிறு எரியும்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் தாங்கல் கோடி வழிந்துகொண்டிருந்தபோது, ஆற்காட்டில் அத்தை வீட்டுக் கல்யாணம் வந்தது. பசு கன்று போடுகிற நிலையில் இருந்ததால் அம்மா போகவில்லை. அப்பா மட்டும் ரயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். "மக்கன் பேடா வாங்கி வருவேன், கரைப் பக்கம் ஆட்டம் போடாம இருக்கணும்" என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டி அந்தப் பக்கம் மறைந்தது, இந்தப் பக்கம் மாமாவின் வண்டி வந்து நின்றது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் வேலை பார்த்தார். அவர் வந்தாலே வீட்டுக்குத் திருவிழா வந்த மாதிரி. அன்றைக்கு வண்டியிலிருந்து அவர் இறக்கியதைப் பார்த்து நாங்கள் வாய் பிளந்தோம். மூங்கில் பிளாச்சால் பின்னி, அடியில் முழு எருமைத்தோலை இழுத்துக் கட்டிய வட்டமான பரிசல்! கத்தி விழுந்து கெட்டுப்போனதென்று ஷாப்பில் ஒதுக்கிய தோலாம். வெட்டு விழுந்த இடத்தைத் தைத்துப் பிசின் பூசியிருந்தார். பரிசல் வந்த பிறகுதான் அதன் நாற்றம் வந்தது. அது வந்ததும் நாய்கூட எழுந்து போய்விட்டது. எனக்கு மட்டும் அது மணத்தது.

தாங்கலின் நடுவே ஒரு பாறை உண்டு. அதில் ஒரு சீத்தாமரம், மரம் நிறையப் பழம். பிறந்ததிலிருந்து அந்தப் பழத்தைக் கரையிலிருந்து பார்த்தே எச்சில் விழுங்கியிருக்கிறோம். பாறையைச் சுற்றித் தண்ணீருக்குள் வேலமரக் கட்டைகள் குத்திட்டு நின்றன. தோல் அதில் பட்டால் கிழிந்துவிடும்.

"ஒரே ஒரு சாண் தண்ணி கம்மியா இருக்குது" என்றார் மாமா. "அதுக்கு இன்னா பண்ணலாம், தெரியுமா?"

எங்களுக்குத் தெரிந்தது. மூவரும் ஒரே நேரத்தில் கோடியைத்தான் பார்த்தோம்.

"இப்ப அடைச்சுட்டு, மச்சான் வர்றதுக்குள்ள எடுத்துடலாம். உங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க" என்றார். அம்மா மாட்டுக் கொட்டகையே கதியென்று கிடந்தாள். மாமா ஒரு பனந்துண்டைக் கோடிக்குக் குறுக்கே உருட்டிப் போட்டு, எருவுக்கென்று வண்டியில் கொண்டுவந்திருந்த, தோல் பதனிட்டு மிஞ்சிய ஆவாரம்பட்டைச் சக்கையை மூட்டை மூட்டையாக அடுக்கினார். சந்துகளில் சேறு அப்பியது நாங்கள். வழிந்த தண்ணீர் நின்றுபோனது. ஆஹா, எங்கள் சாமர்த்தியமே சாமர்த்தியம்!

அன்றிரவு மலையில் நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் தாங்கல் கடலாகிக் கிடந்தது. வேலங்கட்டைகள் இருந்த இடமே தெரியவில்லை. அண்ணன் கரைமேலேயே குட்டிக்கரணம் போட்டான்.

பரிசல் சவாரி என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்டேன். அது முன்னால் போவதே இல்லை. சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே எப்படியோ போய்ச் சேருகிறது. மலை வந்தது, கரை வந்தது, எங்கள் வீட்டு ஓடு வந்தது, மறுபடியும் மலை வந்தது. நான் கத்திய கத்தலில் கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. மாமா மூங்கில் கழியை வலிக்க வலிக்க, "பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ!" என்று அண்ணன் அலறினான். பாறையில் இறங்கி, மடி கொள்ளாமல் சீத்தாப்பழம் பறித்தேன். ஒன்று அங்கேயே பிளந்து தின்றேன். அந்த ருசியை இன்றைக்கும் எந்தச் சந்தையிலும் வாங்க முடியவில்லை.

திரும்பும்போது பார்த்தால், கரைமேல் கூட்டம். கரைக்கு நேர் கீழே இருந்த குடிசைகளிலிருந்து எல்லாரும் ஏறி வந்திருந்தார்கள். தோல் ஷாப்பில் வேலை செய்கிற ஜனங்கள் அவர்கள். மற்ற நாளில் எங்கள் கரைமேல் கால் வைக்கமாட்டார்கள். நாங்களும் அவர்கள் தெருவுக்குள் போனதில்லை. கைக்குழந்தைகளைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் சவாரியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மடிப் பழத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை வீசி வீசிக் காட்டினேன்.

யாரும் பதிலுக்குக் கை வீசவில்லை. கூட்டத்தின் நடுவில், புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அம்மா நின்றாள்.

"டேய் பேமானி! கரை கலங்கி ஊத்துதுடா!"

மாமா கழியை வேகவேகமாக வலித்துப் பரிசலைக் கரையில் ஒட்டினார்.

கோடியை அடைத்ததால், எப்போதும் காய்ந்தே கிடந்த மேல்கரைக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. அங்கே அப்பா கண்ணில் படாமல் பெருச்சாளிகள் குடித்தனம் நடத்திய வளையொன்றில் புகுந்து, குடிசைகளின் பக்கம் செம்மண் குழம்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வைக்கோலைத் திணித்தார்கள். விழுங்கிவிட்டது. மண்மூட்டையைத் திணித்தார்கள். கிழிந்து அந்தப் பக்கம் போனது. ஓட்டை பானை வாய் அளவுக்கு ஆகிவிட்டது.

"ஊடெல்லாம் பூடும்மா!" என்று ஒருத்தி வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

அம்மாவின் கண் பரிசல்மேல் விழுந்தது.

"அந்தத் தோலை உரிங்க!"

"அக்கா, என் பரிசலு..." என்று மாமா இழுத்தார். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மாமா கோடிப் பக்கம் ஓடித் தண்ணீரில் குதித்தார்.

தோலுக்குக் கத்தி வைக்க அந்த ஜனங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? கண் மூடித் திறப்பதற்குள் பரிசல் வெறும் மூங்கிலாகிவிட்டது. ஒரு முனையை அம்மா பிடித்தாள், மற்ற முனைகளை அவர்கள் பிடித்தார்கள். தண்ணீர்ப் பக்கம் இறங்கி ஓட்டைக்கு நேரே விரித்ததும், தண்ணீரே லபக்கென்று தோலை இழுத்துத் தன் வாயில் அப்பிக்கொண்டது. அதன்மேல் களிமண்ணும் கல்லும் கூடை கூடையாக விழுந்தன. வெளியே கொட்டிய குழம்பு மெலிந்து, சொட்டி, நின்றது. அதே நேரம் கோடியில் மாமாவும் நாலைந்து பேரும் பனந்துண்டைப் புரட்டிவிட, சக்கை மூட்டைகளை அடித்துக்கொண்டு தண்ணீர் ஓவென்று இரைந்து போனது.

எல்லாரும் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவும் அவர்கள் நடுவில்தான் உட்கார்ந்தாள். நான் மூங்கில் எலும்புக்கூட்டைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். ஒரே ஒரு சவாரிதானே போனேன்! எவ்வளவு அழுதும் ஒருத்தரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். மாமாவுக்கு அடி நிச்சயம் என்று நானும் அண்ணனும் கதவிடுக்கில் காத்திருந்தோம். அம்மா சொன்னதையெல்லாம் அப்பா கடைசிவரை கேட்டார். பிறகு மக்கன் பேடாப் பானையைக் கட்டு அவிழ்க்காமலே தூக்கிக்கொண்டார். "வாப்பா" என்று மாமாவை மட்டும் அழைத்துக்கொண்டு, கரையைத் தாண்டிக் கீழே இறங்கினார்.

என் பேடா! நானும் பின்னாலேயே ஓடினேன்.

அப்பா குடிசைத் தெருவுக்குள் போனார். வாசலுக்கு வாசல் நின்று, தலைப்பாகையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கை கூப்பினார். ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. பெரியவர்கள் பதறிப்போய், "ஐயோ, வேணாங்க, வேணாங்க" என்றார்கள். பிள்ளைகள் கையில் மாமா பேடாவை வைத்தார். எல்லா வாசலும் முடிந்தபோது பானையில் ஒன்றுகூட மிச்சமில்லை. எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

எங்கள் வீட்டிலும் அடுத்து ஒரு கல்யாணம் வருகிறது, அதற்குத்தான் அப்பா ஊர் அழைக்கிறார் என்று எனக்குப் பட்டது. கை கூப்பி, பலகாரம் கொடுத்து, வீடு விடாமல் வேறு எதற்குப் போவார்கள்? வரும் வழியில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"யாருக்குப்பா கல்யாணம்?"

அப்பா கரைமேல் நின்றார். கீழே குடிசைகளைப் பார்த்தார். அப்புறம் எங்கள் வீட்டைப் பார்த்தார்.

"நம்ம வீடு மேட்டுல இருக்குது, கண்ணு" என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீடு மேட்டில் இருப்பது எனக்குத் தெரியாதா? நான் கேட்டது ஒன்று, இவர் சொல்வது ஒன்று. பேடாவும் போய், பதிலும் இல்லாமல், வழியெல்லாம் காலை உதைத்துக்கொண்டே நடந்தேன்.