கொடைக்கு முன் ஆறு கையெழுத்து

‘சம்பவ இடத்தில் நேரில் இருந்தவர், போலீஸோடு சம்பந்தம் இல்லாதவர், வட்டாரத்தில் மதிப்புள்ளவர்.’ தாராவியில் ஒரு சிறு போலீஸ் சௌக்கி எழுதிய நாற்பத்தொரு பஞ்சநாமாக்களிலும், அதாவது சாட்சிக் கையெழுத்து வாங்கும் சம்பவ அறிக்கைகளிலும், சாட்சி பூதத்தானைப் பற்றி இப்படித்தான் இருக்கிறது. அந்தச் சௌக்கியில் மொத்தம் ஏழு பேர். ஏழு பேரின் காக்கிச் சட்டைக்கும் இஸ்திரி போடுகிறவர் பூதத்தான். அவர் வண்டி நிற்பதே சௌக்கிச் சுவரை ஒட்டித்தான்.

மதிப்புள்ளவர் என்பதை வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். சம்பவ இடம் எதற்கும் அவர் போனது கிடையாது. சட்டை மூட்டையோடு தாளும் வரும், மராத்தியில் எழுதியிருக்கும். அவர் தமிழில் கையெழுத்துப் போடுவார். எழுதியவருக்குக் கையெழுத்தும் கையெழுத்துப் போட்டவருக்கு எழுத்தும் விளங்காது. பரஸ்பர நம்பிக்கைக்கு இதைவிட உறுதியான அஸ்திவாரம் ஏது?

சித்திரையில் சொந்த ஊரில் சுடலைமாட சாமிக்குக் கொடைத் திருவிழா. பத்து நாள் சௌக்கி வேலை தடைப்படக் கூடாதே என்று, யாரும் கேட்காமலே, ஆறு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ரயிலேறினார்.

அதில் ஒரு தாள் பைசான் தலையில் விடிந்தது. தோல்பை தைக்கிற பைசான், அடுத்த வீட்டு சஃபீனாவின் மகன். திருடிய மொபைலை ஒளித்த இடத்தைக் காட்டப் போலீஸ் அழைத்துப் போனபோது, பூதத்தான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே தப்பி ஓடி, இரும்பு ஏணியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான் என்றது தாள். சௌக்கிக்குள் வைத்து அடித்து முறித்தார்கள் என்றான் பைசான். சஃபீனா மேலிடத்தில் மனுக் கொடுக்க, விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார்.

“எம் மவனுக்காவப் பொய் சொல்ல வேண்டாம்ணே,” என்றாள் சஃபீனா. “அன்னிக்கு நீங்க எங்க இருந்திய? அதை மட்டும் சொல்லுங்க.”

“சொல்லுதேன் தாயி. டிக்கெட்டு பத்திரமா இருக்கு.”

வேறு அறை கிடைக்காததால் விசாரணை அதே சௌக்கியில் நடந்தது. அடித்ததாகப் புகாரில் பேர் உள்ளவரே டீ கொண்டுவந்து வைத்தார். அதிகாரி உண்மையிலேயே நல்லவர். டிக்கெட்டை இரண்டு தரம் பார்த்தார். அப்படியானால் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், மற்ற நாற்பதும் எப்படி என்று இந்தியில் நிதானமாகக் கேட்டார். பொய்ச்சாட்சி குற்றம், அந்தச் சாட்சியத்தால் சிலர் ஜெயிலில் இருக்கிறார்கள், இதை எழுதினால் முதல் வழக்கு உங்கள் மேல்தான் வரும் என்று விளக்கினார். மிரட்டவில்லை. சட்டத்தைச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

“எவ்வளவு நேரம் யோசிக்கலாம் சாப்?”

“டீ குடிக்கிற வரைக்கும்.”

வெளியே இஸ்திரி வண்டியைப் பிடித்தபடி சஃபீனா நின்றிருந்தாள். டீ நல்ல சூடு. பூதத்தான் ஊதி ஊதிக் குடித்தார். ஆனாலும் அது தீர்ந்துபோயிற்று.

பைசான் ஏணியிலிருந்து விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக பூதத்தான் வாக்குமூலம் கொடுத்தார்.