இசிஜியில் தலைகீழாய் விழுந்த அலை

கடலோர ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பம்புகளின் அதிர்வை அளப்பது என் வேலை. திரையில் ஓடும் அலையைப் பார்த்து, இந்த பேரிங் தேய்கிறது, இப்போதே மாற்றிவிடுங்கள் என்று எழுதிக் கொடுப்பேன். பம்பை ஓட்டுகிறவர்களுக்கு எப்போதும் ஒரே பதில்தான்: நன்றாகத்தானே ஓடுகிறது, சத்தம் வரட்டும் பார்க்கலாம். சத்தம் வரும்வரை விட்டால் பேரிங்கோடு சுழல்தண்டும் போய்விடும் என்று புரியவைப்பதிலேயே என் பாதி சர்வீஸ் கழிந்தது.

ஆண்டுப் பரிசோதனையில் என் இதயத்தில் ஏதோ இரைச்சல் கேட்கிறது என்றார்கள். எக்கோ எடுத்ததில், ரத்தம் வெளியேறும் வால்வு சுருங்கியிருந்தது. மனைவியோடு செங்கல்பட்டில் ஓர் இதய மருத்துவரைப் பார்க்கப் போனேன். அவர் எக்கோவைவிட இசிஜியைத்தான் அதிக நேரம் பார்த்தார். மேலே எழவேண்டிய கடைசி அலை சில கோடுகளில் தலைகீழாக விழுந்திருந்தது. குறுகிய வழியில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளித் தசை தடித்துப்போய், உள்ளே தழும்பு விழத் தொடங்கியிருக்கலாம் என்றார். வால்வை மாற்றலாம், தடிப்பும் குறையும். விழுந்த தழும்பு மட்டும் போகாது.

மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார்.

“இல்ல டாக்டர், நல்லாத்தானே இருக்கேன். ஏதாவது தொந்தரவு வந்தா பாத்துக்கலாமே” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான், பம்பு ஓட்டுகிறவர்களின் வசனம் என் வாயிலிருந்து வந்திருப்பது உறைத்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை.

மனைவி குறுக்கிட்டாள். “இவரு மாசாமாசம் திருக்கழுக்குன்றம் மலை ஏறுவாரு டாக்டர். இப்ப ஏறுறதே இல்ல. கேட்டா, சாமி மேல நம்பிக்க பூட்ச்சாம்.”

உண்மைதான். எனக்குப் பகுத்தறிவு முதிர்ந்துவிட்டதென்று நானே நம்பியிருந்தேன். கேன்டீனில் அதைப் பற்றிச் சிறு சொற்பொழிவுகள்கூட ஆற்றியிருக்கிறேன். மருத்துவர் என் நாத்திகம் முழுவதையும் ‘படியேறினால் மூச்சிரைப்பு’ என்று சுருக்கிக் குறித்துக்கொண்டார்.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். தழும்பு இருந்தது. சிறியதுதான், ஆனால் இருந்தது. படத்தைப் பார்த்தபோது, என்னைக் கேட்காமல் யாரோ எனக்குள் குடிவந்துவிட்டதுபோல் பயமாக இருந்தது.

செய்யூரில் சவுக்குத் தோப்பு போட்டிருக்கும் மச்சான், மனைவியின் அண்ணன், ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு பஸ் பிடித்து வந்தார். “நல்லாத்தான கீற மச்சான்? காய்தத்துல ஒரு கோணல் கீதுன்னு நெஞ்ச பொளந்துக்குவியா?” என்றார். எனக்கு அவர் பேச்சு தேனாக இனித்தது. அவரை இன்னும் இரண்டு நாள் தங்கச் சொன்னேன்.

மனைவிதான் விடவில்லை. “கோணல் காய்தத்துல இல்லண்ணா. இவரு நெஞ்சுல கீது.”

சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. தேறி எழுந்த பிறகு மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் பையோடு நடந்தே வீட்டுக்கு வந்தேன். எங்கேயும் நிற்கத் தோன்றவில்லை. இத்தனை நாள் வழியில் நின்று நின்று கடைகளை வேடிக்கை பார்த்ததெல்லாம் ரசனையால் அல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

மறுபரிசோதனையில் தடிப்பு குறைந்திருந்தது. தழும்பு அப்படியே இருந்தது. வளரவில்லை, அதுவே நல்ல செய்தி என்றார் மருத்துவர். ஒரு வருஷம் முன்பே பார்த்திருந்தால் இதுவும் விழுந்திருக்காதே என்று ஆதங்கப்பட்டேன்.

“விழுந்திருக்காதுதான். அப்ப ஆபரேஷன்னு சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?”

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, “மாட்டாரு” என்று சொல்லிவிட்டு மனைவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.