மாலைக்கு விட்ட இடம்

லண்டனில் நான் பார்க்கும் வேலை நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. ஓவியக் கூடமொன்றில் ஓர் அறைக்குக் காவல். யாரும் படத்தைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். கழிவறை எங்கே என்று கேட்பவர்களுக்குக் கையைக் காட்டுவதும் அதில் சேர்த்தி. என் நாற்காலிக்கு நேரெதிரே ஜெர்மனியின் ஒரு சின்ன அரசவையில் இருந்த ஓவியர் வரைந்த படம். ஐந்து வயது இளவரசன் நீலக் கோட்டும் பதினான்கு தங்கப் பொத்தான்களுமாக நிற்கிறான். வருடக்கணக்காக எதிரே உட்கார்ந்திருப்பவன் பொத்தானை எண்ணாமல் வேறு என்ன செய்வான்?

அந்த ஓவியரின் கதையைக் கூடத்துக் கடையில் விலைபோகாமல் கிடந்த ஒரு புத்தகத்தில் படித்தேன். தச்சரின் மகன். பன்னிரண்டு வயதில் ஓவியப் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். முதல் இரண்டு வருடம் வண்ணக் கல் அரைத்தார். அடுத்த ஐந்து வருடமும் உடைதான்: பொத்தான், சரிகை, கழுத்துத் துணியின் மடிப்பு. முகத்தைத் தொட விடவில்லை. அரண்மனைக்குப் போன பிறகும் பெரிய வாழ்வொன்றும் இல்லை, சாப்பாடு வேலைக்காரர்களோடுதான். அரசருக்கு உட்கார நேரம் கிடையாது என்பதால் அவருடைய கோட்டை மரப்பொம்மைக்கு மாட்டிவிட்டு வரைந்தார். இளவரசன் காய்ச்சலில் இறந்தபோது அவனை உயிரோடு நிற்பவனாக வரைந்து தரச் சொன்னாள் தாய். என் எதிரே நிற்பவன் அந்தப் பிள்ளைதான்.

என் பயிற்சி இதற்கு நேர்மாறு. யாழ்ப்பாணத்தில் செத்தவர்களின் படம் வரையும் கடையில் இருந்தேன். அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவருவார்கள். அதைப் பெரிதாகக் கீறிக் கொடுக்க வேண்டும். முகத்தில்தான் எல்லா வேலையும். கழுத்துக்குக் கீழே எப்படியும் மாலை தொங்கும், சட்டையை யார் பார்க்கப் போகிறார்கள்? தூரிகையால் இரண்டு இழுப்பு இழுத்துவிடுவோம். மாலை முகத்தில் விழாமலிருக்கத் தலைக்கு மேலே ஒரு சாண் வெறுமையாக விடுவோம். போர் நடந்த அந்த நாட்களில் எங்கள் கடைக்கு வேலை குறைந்ததே இல்லை. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

லண்டனிலேயே ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் என் அக்காவின் ஒரே மகன் ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையை அக்கா அவனுக்குச் செய்யவில்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு சட்டை வாங்குவார். வருடம் போகப் போக அளவைக் கூட்டி வாங்கி அலமாரியில் அடுக்குவார். அத்தான் அதைப் பார்த்துப் பார்த்தே போய்ச் சேர்ந்தார். அத்தானின் படத்தை நான்தான் கீறிக் கொடுத்தேன்.

அத்தான் போன அடுத்த வருடம் வெம்பிளியில் ஒரு கடையில் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னை உற்றுப் பார்த்தார். அக்காவின் மகனுக்கு என் சாயல்.

"நீங்கள் அவன்ரை மாமாவோ?" என்று கேட்டார். இருவரும் ஒரே பதுங்குகுழியில் இருந்தார்களாம். ஷெல் விழுந்ததையும், தன் கையாலேயே அவனுக்கு மண் போட்டதையும், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று சொல்லி முடித்தார். நான் அக்காவிடம் மூச்சு விடவில்லை. இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெறும் பயம்தான்.

போன மாரியில் அக்கா கேட்டார்.

"அவன்ரை படம் ஒண்டு கீறித் தா தம்பி. சின்ன வயசுப் படம் வேண்டாம். இப்ப எப்பிடி இருப்பானோ, அப்பிடி. கோட்டுப் போட்டு."

"ஏன் அக்கா இப்ப?"

"வந்து கதவைத் தட்டினா எனக்கு ஆளைத் தெரிய வேணுமெல்லோ."

"ஓம் அக்கா, கீறித் தாறன்," என்றேன். வேறு என்ன சொல்ல?

லீவு நாட்களிலெல்லாம் அதிலேயே இருந்தேன். காதோரம் நரை வைத்தேன். எங்கள் அப்பாவின் தாடையை வைத்தேன். அந்த முகத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. போர்வையில் சுற்றி ரயிலில் கொண்டுபோய் அக்காவின் சோபாவில் சாத்தி வைத்தேன்.

அக்கா கன்னத்தைத் தடவினார். "அப்பாவின்ரை தாடை," என்று சிரித்தார். விரல் கீழே இறங்கி நெஞ்சில் நின்றது. கோட்டு என்று அங்கே இருந்தது கறுப்பில் இரண்டு இழுப்பு. ஒரு பொத்தான் இல்லை. தலைக்கு மேலே ஒரு சாண் வெறுமை. சத்தியமாக, அதுவரை நானே அதைக் கவனிக்கவில்லை.

அக்கா திரும்பிச் சுவரில் அத்தானைப் பார்த்தார். பிளாஸ்டிக் மாலை அதே ஒரு சாணில் தொடங்கி, அதே இரண்டு இழுப்பை மூடித் தொங்கிக்கொண்டிருந்தது.

"இவரின்ரை படத்திலையும் இப்பிடித்தான் விட்டனீ," என்றார்.

"அவசரத்திலை விட்டிட்டன் அக்கா. கொண்டுபோய்த் தெறியெல்லாம் வைச்சுத் தாறன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். செத்த பிள்ளைக்குப் பதினான்கு பொத்தான் வைக்க அந்த ஜெர்மன்காரருக்குப் பழக்கியிருந்தார்கள். எனக்கு ஒன்றுகூட வைக்க வரவில்லை.

அக்கா அழவில்லை. எழுந்து போய் அலமாரியில் இருந்து கடைசியாக வாங்கிய சட்டையை எடுத்துவந்து மடியில் விரித்து, ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார். கழுத்துத் தெறி வரை பூட்டிவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"எனக்கு ஒண்டை மட்டும் சொல்லு தம்பி. ஆராவது மண் போட்டவையோ?"

"ஓம் அக்கா," என்றேன்.